வேலையை விடாமல் ஸ்பெஷல் பி.எட்.: குன்னூரிலிருந்து படிக்க நினைக்கிறீங்களா?

குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில டீச்சரா இருக்கீங்க. வகுப்புல ஒரு குழந்தை போர்டுல இருக்கறதை நோட்டுல எழுத மத்தவங்களைவிட மூணு மடங்கு நேரம் எடுத்துக்குது. இன்னொரு குழந்தை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. ‘கவனம் இல்லை’ன்னு ரிப்போர்ட் கார்டுல எழுதிட்டு நகர்ந்துடலாம். அப்படி நகர மனசு வராதவங்கதான் ராத்திரி போனை எடுத்து ‘ஆன்லைன் ஸ்பெஷல் பி.எட்.’னு தேடுறாங்க. தேடின அடுத்த நிமிஷம் விளம்பரங்கள் வரிசைகட்டும்: ஆறு மாசத்துல சான்றிதழ், எல்லாமே வீட்டிலிருந்தே. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேரைத் தெரிஞ்சுக்கோங்க. ஆர்.சி.ஐ.

இந்திய மறுவாழ்வு கவுன்சில்தான் ஆர்.சி.ஐ. 1992-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இயங்கும் அமைப்பு. சிறப்புக் கல்வி படிப்பை யார் நடத்தலாம், யார் சிறப்பாசிரியரா வேலை செய்யலாம்னு முடிவு செய்யறது இவங்கதான். படிச்சு முடிச்சதும் இவங்க பதிவேட்டுல உங்க பேர் ஏறி, ஒரு எண் கிடைக்கணும். பதிவு இல்லாம இந்தத் தொழில் செய்தா ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமேன்னு அந்தச் சட்டமே சொல்லுது. அபராதத் தொகை சின்னதுதான். ஆனா செல்லாத சான்றிதழுக்காகப் போன வருஷங்களை யார் திருப்பித் தருவாங்க?

சரி, வழி இருக்கா?

இருக்கு. ஆனா அதோட சரியான பேர் ‘ஆன்லைன்’ இல்லை, தொலைநிலைக் கல்வி. சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆர்.சி.ஐ. அனுமதியோடு சிறப்புக் கல்வி பி.எட். நடத்திட்டு வருது. ரெகுலர் கல்லூரியில ரெண்டு வருஷம் ஆகிற படிப்பு, தொலைநிலையில ரெண்டரை வருஷம், அஞ்சு செமஸ்டர். பொதுவா டிகிரியில 50 சதவிகித மார்க் கேட்பாங்க, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடுன்னு ஒரு பிரிவைச் சேரும்போதே தேர்ந்தெடுக்கணும். எந்தப் பிரிவுல இந்த வருஷம் சேர்க்கை இருக்குங்கிறதை அந்தந்த வருஷ விளக்கக் கையேட்டுல பாருங்க, போன வருஷத்தோடது உதவாது.

பாடப் புத்தகம், அசைன்மென்ட் இதையெல்லாம் போனும் பொறுமையும் இருந்தா சமாளிச்சிடலாம். செய்முறையை அப்படி முடிக்க முடியாது. சிறப்புப் பள்ளியிலும் சாதாரணப் பள்ளியிலும் போய் உட்கார்ந்து பார்க்கணும், பாடம் எடுக்கணும், ஒரு குழந்தையை மதிப்பிட்டு அதுக்கு மட்டுமான கல்வித் திட்டம் எழுதணும். பார்வைப் பிரிவுன்னா பிரெய்ல் விரலுக்கு வரணும். செவித்திறன் பிரிவுன்னா சைகை மொழி கைக்கு வரணும். இதை வீடியோ பார்த்துக் கத்துக்கலாம்னு யாராவது சொன்னா, அவங்க அந்தக் குழந்தைகளோட ஒரு நாள்கூட இருந்ததில்லைன்னு அர்த்தம்.

குன்னூர்க்காரங்களுக்கு உண்மையான சிக்கலே இங்கதான். உங்க பிரிவுக்கான செய்முறைப் பள்ளியும் படிப்பு மையமும் மலைக்குக் கீழே அமைஞ்சா, பர்லியார் வழியா மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை பக்கம் போகணும். அக்டோபர், நவம்பர் மழையில அந்தச் சாலை மண்சரிவால அடைபடுறது உங்களுக்குப் புதுசில்லை. அதனால சேர்றதுக்கு முன்னாடியே மையத்துல ரெண்டு கேள்வி கேளுங்க: நேரடி வகுப்புகள் எந்த மாசம்? செய்முறையை நீலகிரியிலேயே செய்ய அனுமதி கிடைக்குமா? பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க. உங்க ஹெச்.எம்.கிட்டயும் லீவு பத்தி இப்பவே பேசிடுங்க. ரெண்டரை வருஷத்துல எத்தனை வாரம் வகுப்பை விட்டுப் போகணும்னு அவங்களுக்கும் தெரியணும்.

வேலையை விட்டுட்டுப் படிக்க முடிஞ்சவங்களுக்கு, மேட்டுப்பாளையம்-கோவை சாலையிலேயே பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தோட வளாகம் இருக்கு. சிறப்புக் கல்விக்குன்னே தனித்துறை உள்ள இடம்.

முடிச்சா வேலை?

தேவை நிறைய இருக்கு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுது. தொடக்கப் பள்ளியில இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15 பேருக்கு ஒருத்தர்ங்கிற விகிதத்தை மத்திய அரசு 2022-ல் அறிவிச்சது. ஆனா தேவை வேற, நிரந்தரப் பணியிடம் வேற. வட்டார வள மையங்கள்ல இருக்கிற சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்துல வேலை செய்றாங்க, பணி நிரந்தரம் கேட்டுப் போராடவும் செய்றாங்க. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளைத் தேடி வீட்டுக்கே போய்ப் பயிற்சி தர்றதும் அவங்க வேலைதான். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஏறி இறங்கிப் போறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். சம்பளம் உடனே கூடும்ங்கிற கணக்குல மட்டும் சேர்றதா இருந்தா, இன்னொரு தடவை யோசிங்க.

ஏற்கெனவே பொது பி.எட். முடிச்சு, வகுப்புல நிக்கிறவங்க கணக்கு வேற. உங்க வேலை உங்ககிட்டயே இருக்கு, கூடவே அந்த ரெண்டு குழந்தைகளோட என்ன செய்யறதுன்னும் தெரிய வரும்.

கடைசியா, விண்ணப்பக் கட்டணம் கட்டுற அன்னிக்கு ஆர்.சி.ஐ. இணையதளத்துல அங்கீகாரப் பட்டியலைத் திறங்க. பல்கலைக்கழகத்தோட பேர் மட்டும் போதாது. உங்க பிரிவு, உங்க கல்வியாண்டு, உங்க படிப்பு மையம் மூணும் செல்லுமான்னு பாருங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, பதிவெண் கைக்கு வர்ற வரைக்கும் அழிக்காதீங்க.