கொம்பு தாவிய கதை

தட்டச்சில் தமிழ் ஹையர் முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலைக்குச் சேர்ந்தேன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எப்போதும் வேலை இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த தட்டச்சுப் பொறியில் பழகிய கை என்னுடையது. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் விரலுக்கும். பழைய ஃபான்ட்டுகளும் அப்படியே சேமித்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் முதலில் க, பிறகு ஒ. யூனிகோடும் க-வை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்னால் சேமிக்கிறது. கொம்பை இழுத்து முன்னே நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. விண்டோஸ் 2000 இதைச் செய்யத் தொடங்கியது.

இது புரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழைய ஃபான்ட்டில் இருந்த பத்திரிகையை யூனிகோடுக்கு மாற்றினேன். எழுத்து மாறியது, வரிசை மாறவில்லை. கொம்பெல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 'வரவேற்பு' என்பது 'வரேவற்பு' ஆகிவிட்டது. நான் சரிபார்க்காமல் அனுப்ப, ஆயிரம் பத்திரிகை அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுபடி அச்சடித்த செலவு என் சம்பளத்தில் போனது.

இன்று இதைத் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். 'வரவேற்பு' வரும்போது மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன்.