கல்லீரலை முன்னிட்டுத் தேர்ந்த மருந்து: கர்க்லாண்டின் லூக்கோட்ரையீன் ஆய்வும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

முன்னுரை

ஆஸ்துமாவுக்கு இரவில் விழுங்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறதா, காக்கிறதா? ஆய்விதழ்களில் இரண்டு விடைக்கும் சான்று உண்டு. எலிகளின் கல்லீரலில் அது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தணித்ததாகப் பல கட்டுரைகள் சொல்கின்றன. அதை உட்கொண்டோரில் அரிதாகக் கல்லீரல் அழற்சி கண்டதாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். விலங்கில் அளந்த ஆக்சிஜனேற்றக் குறியீட்டைக் கொண்டு மனிதக் கல்லீரலுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அம்மருந்து உருவான வரலாறே இதற்கு முதல் சான்று.

கர்க்லாண்டின் மூன்று மூலக்கூறுகள்

மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கி வீக்கத்தையும் சளியையும் பெருக்கும் லூக்கோட்ரையீன்களைத் தடுக்கும் மருந்தை, மாண்ட்ரியல் தீவின் மேற்குப் பகுதியில் கர்க்லாண்டில் இருந்த மெர்க் ஃபிராஸ்ட் ஆய்வு மையம் தேடியது. அதன் முன்னோடி மூலக்கூறான எம்.கே.571 சுண்டெலிகளின் கல்லீரலில் பெராக்சிசோம் நொதிகளைப் பெருக்கியது. பெராக்சிசோமில் கொழுப்பமிலம் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். கேட்டலேஸ் நொதி அதை அழிக்கும் வேகத்தை மிஞ்சி அது சேர்ந்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தோன்றும்.

எம்.கே.571 இரு ஆடிப்பிம்ப வடிவங்களின் கலவை. சுண்டெலியில் இந்த விளைவு பெரிதும் ஒரு வடிவத்தைச் சார்ந்தது எனக் கண்டு, மற்றதை வெர்லுகாஸ்ட் என்ற பெயரில் மனிதச் சோதனைக்குக் கொண்டுசென்றனர். மனிதரில் கல்லீரல் நொதிகள் உயரவே அது கைவிடப்பட்டது. மூன்றாவதாக வந்ததே மாண்டெலுகாஸ்ட். 1995இல் மார்க் லபெல் குழுவினர் அதை அறிவித்த கட்டுரையின் தலைப்பே, பெராக்சிசோம் நொதித் தூண்டல் அற்றது என்று குறிப்பிட்டது. 1998இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

பெராக்சிசோம் பெருக்கத்துக்குக் கொறிணிகள் எளிதில் ஆட்படும். மனிதக் கல்லீரல் அவ்வளவாக ஆட்படாது. ஆகவே சுண்டெலி தந்த எச்சரிக்கை மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. வெர்லுகாஸ்டோ சுண்டெலியிடம் பெற்ற நற்சான்றை மனிதரிடம் இழந்தது.

காக்கும் மருந்து என்ற கூற்று

எலி ஆய்வுகளில் மாண்டெலுகாஸ்ட், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளூட்டாதயோனைக் காத்து, ஆக்சிஜனேற்றச் சேதத்தின் குறியீடான மலோன்டையால்டிஹைடைக் குறைத்ததாகக் காண்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை நஞ்சூட்டியோ இரத்த ஓட்டத்தைத் தடுத்தோ கல்லீரலை வலிந்து காயப்படுத்திய சோதனைகள். அழற்சி அடங்கினால் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜனேற்றிகளும் குறையும். இக்குறியீடுகள் தணிவதற்கு அதுவே போதும். நாளுக்கு 10 மில்லிகிராம் எடுக்கும் ஆஸ்துமா நோயாளியின் நிலை வேறு.

இதே குடும்பத்தின் பிற மருந்துகளில் பாதிப்பின் வழிகளும் வேறுபடுகின்றன. ஜாஃபிர்லுகாஸ்ட் சைட்டோகுரோம் 3ஏ4 நொதியால் வினைத்திறன் மிக்க பொருளாக மாறிக் குளூட்டாதயோனைப் பற்றுகிறது. கடும் கல்லீரல் செயலிழப்பும் அம்மருந்தில் பதிவாகியுள்ளது. லூக்கோட்ரையீன் உற்பத்தியையே தடுக்கும் ஜைலூட்டானின் நீண்டகாலப் பாதுகாப்பு ஆய்வில், ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதி இயல்பு உச்சவரம்பின் மூன்று மடங்கைத் தொட்டோர் 4.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 1.1 விழுக்காடு. அதனால் அம்மருந்துக்கு முதல் மூன்று மாதமும் மாதாந்தரச் சோதனை தேவைப்படுகிறது.

மாண்டெலுகாஸ்ட் கல்லீரலில் மாற்றமடைந்து பித்தம் வழியே வெளியேறுகிறது. மிதமான ஈரல்நோயும் சிரோசிஸும் உள்ளோரில் அதன் இரத்த வெளிப்பாடு சுமார் 41 விழுக்காடு கூடினாலும் அளவைக் குறைக்கத் தேவையில்லை என்றே மருந்துக் குறிப்பு சொல்கிறது.

முடிவுரை

இவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. மனிதச் சோதனை இன்றி மாண்டெலுகாஸ்ட்டைக் கல்லீரல் காப்பு மருந்தாகப் பரிந்துரைப்பது தவறு. அரிய பாதிப்புக்கு அஞ்சி ஆஸ்துமா சிகிச்சையைத் தானாக நிறுத்துவதும் தவறு. கட்டுப்படாத ஆஸ்துமா உயிரைப் பறிக்கும். மஞ்சள் காமாலை, அடர்நிறச் சிறுநீர், விடாத அரிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரைக் கண்டு நொதிகளைச் சோதிக்க வேண்டும். அப்போது பாராசிட்டமால் உள்ளிட்ட உடன்மருந்துகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்லீரலுக்காக இத்தனை வடிகட்டப்பட்ட இம்மருந்துக்கு 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது மனநலப் பாதிப்புகளுக்காக. ஒரு சோதனை தான் தேடியதைப் பற்றி மட்டுமே உறுதி தரும். எஞ்சியதை, மருந்து சந்தைக்கு வந்த பின்னும் தொடரும் கண்காணிப்பே சொல்ல முடியும்.