யாருடைய வாராக்கடன்?

வங்கிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1969 ஜூலை 19ஐ மறக்காமல் குறிப்பார்கள். 14 தனியார் வங்கிகள் அரசுடைமையான நாள். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து போன எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடெங்கும் நிலவிய தீண்டாமையை விசாரித்து அறிக்கை கொடுத்ததும் அதே 1969இல்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அதற்கு முன் வங்கி யாருடையது? 1906இல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாக, 1907இல் சுதேசி முயற்சியாக இந்தியன் வங்கி பிறந்தது. வக்கீல் கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். செட்டியார்கள் பணம் போட்டார்கள். சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்துக்கும் அதில் பங்குண்டு. சுதேசிதான், ஆனா சேரிக்கு அங்கே என்ன வேலை? அடமானம் வைக்கப் பட்டா இல்லை, ஜாமீன் போட ஆள் இல்லை. பண்ணையில் நெல்லைக் கடனாக வாங்கி, அறுவடையில் கூட்டி அளந்து கொடுத்து, அதையும் அடைக்க முடியாமல் பிள்ளையை மாடு மேய்க்க விட்டதுதான் நம்ம சனத்தின் வங்கிக் கணக்கு.

அரசுடைமையான பிறகுதான் வங்கி வேலையில் இடஒதுக்கீடு வந்தது. 1972இல் 4 சதவீத வட்டிக் கடன் வந்தது. அதில் 40 சதம் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் போக வேண்டும் என்று விதி. 1977இலிருந்து, ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க, வங்கியே இல்லாத ஊர்களில் நாலு திறக்க வேண்டும் என்றார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று யாரும் சொல்ல மாட்டோம். கறவை மாட்டுக் கடனில் புரோக்கர் தின்றது போக, மானியத்தில் மிச்சம் வந்தவர்கள் கொஞ்சம்தான். ஆனாலும் சேரிக்காரன் மேனேஜருக்கு எதிரே நின்று 'இது என் உரிமை' என்று கேட்க ஒரு சட்டப் பிடி கிடைத்தது.

1990இல் அந்த நாலு கிளை விதி போனது. 1991இல் நரசிம்மம் குழு, முன்னுரிமைக் கடனை 40 சதத்திலிருந்து 10 ஆக்கச் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் கதவு வேறு பக்கம் திறந்தது. 1993இல் புதிய தனியார் வங்கிகளுக்கு வழிவிட்டார்கள். அன்னிய வங்கிகளுக்கு 32 சதம் போதும் என்றார்கள்; ஏற்றுமதிக்குக் கொடுத்ததையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகை வங்கிகளிலும் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது. இவற்றோடு போட்டி போடு என்று அரசு வங்கியை ஓடவிட்டார்கள்.

கடலூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதே இந்தியன் வங்கிதான். 1995-96இல் அதன் நட்டம் 1,336 கோடி ரூபாய். சிதம்பரத்துச் சேரியில் மாடு வாங்கினவள் கட்டாத தவணையா இது? பெரிய கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுத்துத் திரும்பாத பணம். அரசு கஜானாவிலிருந்து ஆயிரக்கணக்கான கோடி போட்டுத்தான் வங்கியைத் தூக்கி நிறுத்தினார்கள். 1999இல் வர்மா குழு சொன்ன வைத்தியம், ஆட்குறைப்பு. 2000இல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அரசு வங்கிகளிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். இடஒதுக்கீடு சட்டத்தில் அப்படியே இருந்தது. ஆளெடுப்பே சுருங்கிவிட்டால் ஒதுக்கீடு எதில்?

40 சதம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் 2016இலிருந்து, இலக்கை எட்டாத வங்கி இன்னொரு வங்கியிடம் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேராக்கிக்கொள்ளலாம். சேரிக்குள் காலே வைக்காமல் கடமை முடிந்துவிடும்.

ஊழலும் புரோக்கரும் ஒழியத்தான் வேண்டும். சீர்திருத்தம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கிளைவாரியாகக் கணக்கை வையுங்கள் என்கிறோம்: சேரிக்குப் போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, பெரிய மனிதர்களுக்குத் தள்ளுபடி எவ்வளவு. பிறகு பேசலாம், வங்கிக்கு யார் பாரம் என்று.