பாதுவாவின் சரீர சாஸ்திரப் பரம்பரை

இருதயம் சுருங்குந்தோறும் இரத்தம் தமனிகளின் வழியே அங்கமெங்கும் பாய்ந்து, பின்னர்ச் சிரைகளின் வழியே இருதயத்துக்கே மீள்கிறது என்பதை இன்று பள்ளிக்கூடத்துச் சிறுவனும் தடையின்றி ஒப்பித்துவிடுகிறான். இந்த எளிய உண்மையை அறியாமலே மேல்நாட்டு வைத்தியர்கள் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நாடி பிடித்தும், இரத்தம் வடித்தும், மருந்து கொடுத்தும் வந்தார்கள் என்பது நம்புவதற்கு அரிதாகத் தோன்றலாம். அந்த நெடிய அறியாமை அகலக் காரணமாயிருந்த ஊர்களுள் தலைமையானது, வட இத்தாலியில் வெனிஸ் நகருக்கு மேற்கே ஒரு நாள் நடையில் எட்டிவிடத்தக்க தொலைவிலுள்ள பாதுவா. அங்கே ஆசிரியரும் மாணாக்கருமாக ஒருவர் பின் ஒருவராய் வந்த சிலர், 1537-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று தலைமுறைக் காலத்தில் செய்து முடித்த காரியம், மனித அறிவின் சரித்திரத்தில் போற்றத்தக்க ஓர் அத்தியாயமாகும்.

அவர்கள் திருத்தவேண்டியிருந்த சாஸ்திரம் இன்னதென்று முதலில் அறிதல் நலம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவிலுள்ள பெர்கமம் என்னும் ஊரில் பிறந்து, அங்கே வாட்போர் வீரர்களுக்கு வைத்தியராயிருந்து அவர்களுடைய காயங்களின் வாயிலாக உடலின் உள்ளமைப்பை ஓரளவு கண்டு, பிறகு ரோமாபுரி சென்று சக்கரவர்த்திகளுக்கே மருத்துவம் செய்த கேலன், தம் காலத்தில் ஈடு இணையற்ற மேதையாக விளங்கியவர். ஆயினும் மனித சவத்தை அறுத்துப் பார்க்க அக்காலத்து ரோமாபுரியில் இடமில்லாமையால், குரங்கையும் பன்றியையும் எருதையும் அறுத்துக் கண்டவற்றையே மனிதனுக்கும் உரியனவாக அவர் எழுதிவைத்தார். உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாக மாறுகிறதென்றும், அந்த இரத்தம் சிரைகளின் வழியே சென்று அங்கங்களுக்கு ஆகாரமாகி அங்கேயே தீர்ந்துபோகிறதென்றும், அதில் ஒரு பகுதி மட்டும் இருதயத்தின் வலப்புற அறையிலிருந்து நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துவாரங்களின் வழியே இடப்புற அறைக்குக் கசிந்து, காற்றோடு கலந்து ஜீவசக்தி பெறுகிறதென்றும் அவர் கொண்டார். ஒன்றுக்கொன்று முரணில்லாமல் அழகாக இணைக்கப்பட்டிருந்த அந்தச் சித்தாந்தத்தைப் பிற்காலத்தார் வேதவாக்காகவே ஏற்றுக்கொண்டனர்.

பாதுவாவின் சர்வகலாசாலை, போலோஞா நகரிலிருந்து பிரிந்து வந்த ஆசிரியர்களாலும் மாணாக்கர்களாலும் 1222-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. 1405-இல் அந்நகரம் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்ட பிறகு அதன் கீர்த்தி பன்மடங்கு வளர்ந்தது. வாணிபத்தால் செழித்த வெனிஸ், பல நாட்டவரோடும் பல மதத்தவரோடும் கலந்து பழகியதாகையால், கல்வி விஷயத்தில் மதாதிகாரிகளின் தலையீட்டை எளிதில் அனுமதிக்கவில்லை. பட்டம் பெறுவோர் கத்தோலிக்க விசுவாசப் பிரமாணம் செய்தாகவேண்டும் என்று போப்பாண்டவர் 1564-இல் விதித்தபோதும், அதற்குக் கட்டுப்படாத ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் யூதரும் பட்டம் பெறுவதற்கு வேறு வழிகள் அங்கே திறந்தேயிருந்தன. ஐரோப்பாவின் நாலா திசைகளிலிருந்தும் அறிவு தேடியவர்கள் அவ்வூரை நாடியதற்கு இந்தச் சுதந்திரமே முக்கியமான காரணம்.

இருந்தும், சரீர சாஸ்திரத்தைப் போதிக்கும் முறை அங்கும் பழைய முறையாகவே இருந்தது. பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து கேலனின் மதத்தைத் தழுவிய நூலை வாசிப்பார். கீழே மேஜையின்மீது கிடத்தப்பட்ட சவத்தை, லத்தீன் அறியாத நாவிதர் ஒருவர் அறுப்பார். மற்றொருவர் கோலால் உறுப்புக்களைச் சுட்டிக்காட்டுவார். வாசித்தவர் சவத்தைத் தொட்டதில்லை. தொட்டவர் நூலைப் படித்ததில்லை. ஆகையால் நூலுக்கும் உடலுக்கும் வேற்றுமை காணப்பட்டபோதெல்லாம், பிழை நூலிலே இருக்கக்கூடும் என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை.

இந்நிலையில்தான் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1514-இல் பிறந்து, லூவேனிலும் பாரிஸிலும் கல்வி கற்ற ஆந்திரேயாஸ் வெசாலியஸ் என்னும் இளைஞர் பாதுவாவுக்கு வந்தார். 1537-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பட்டம் பெற்ற அவரை, மறுநாளே ரண சிகிச்சைக்கும் சரீர சாஸ்திரத்துக்கும் ஆசிரியராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. பீடத்தை விட்டு இறங்கித் தம் கையாலேயே கத்தியைப் பிடித்து அறுத்துக் காட்டியதும், மாணாக்கர்களையும் அருகே அழைத்துத் தொட்டறியச் செய்ததும் அவர் நிகழ்த்திய பெருமாறுதல். அவர் திறமையைக் கண்டு வியந்த மார்க்கந்தோனியோ கோந்தாரினி என்ற நீதிபதி, தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் சவங்களை 1539 முதல் அவருக்குக் கிடைக்கச் செய்தார். சவம் கெடாமலிருக்க வேண்டி, குளிர்காலத்திலேயே இந்தப் பாடங்கள் நடந்தன.

வெசாலியஸும் எடுத்த எடுப்பிலேயே கேலனை மறுத்துவிடவில்லை. 1538-இல் அவர் வெளியிட்ட ஆறு சித்திரத் தாள்களில், கேலன் சொன்னபடியே ஐந்து மடல்களையுடைய கல்லீரலும், மூளையின் அடியில் ஓர் இரத்தக் குழாய் வலையும் வரையப்பட்டிருந்தன. ஐந்து ஆண்டுகளில், பல உடல்களை அறுத்துப் பார்த்த பயிற்சியினால் அவர் கண்கள் தெளிந்தன. அந்த வலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டே அன்றி மனிதனுக்கு இல்லையென்றும், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனதன்று, ஒரே எலும்பென்றும், மார்பெலும்பு ஏழு துண்டுகளல்ல, மூன்றே என்றும் அவர் நிறுவினார். இவை யாவும் அடங்கிய பெருநூல் ஏழு பாகங்களாக, 1543-இல் பாஸல் நகரத்தில் அச்சாகி வெளிவந்தது. அதன் சித்திரங்களுக்காகச் செதுக்கப்பட்ட மரக்கட்டைகள் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டன. சூரியனைப் பூமி சுற்றுகிறதென்று கூறிய கோப்பர்நிக்கஸின் நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். அவரும் ஒரு காலத்தில் பாதுவாவிலே வைத்தியம் படித்தவர்.

புதுமைக்கு எதிர்ப்பு எழாமலில்லை. பாரிஸில் வெசாலியஸுக்குக் கற்பித்த சில்வியஸ் என்பவரே அவரைப் பித்தரென்று இகழ்ந்ததோடு, கேலன் எழுதியது பிழையன்று, கேலன் காலத்துக்குப் பின்னர் மனித உடலே மாறிப்போயிருக்கவேண்டும் என்றும் வாதாடினார். நூல் வெளியானபின் வெசாலியஸ் ஆசிரியத் தொழிலை விட்டு ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் வைத்தியராகப் போய்விட்டார். ஆனால் அவர் மூட்டிய தீ பாதுவாவில் அணையவில்லை. அவருக்குப் பின் வந்த ரெயால்தோ கொலம்போ, இரத்தம் இருதயத்தின் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு செல்வதில்லை, வலப்புற அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்றே இடப்புறத்தை அடைகிறது என்பதை 1559-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இவ்வுண்மையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு வைத்தியர் எழுதிவைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லுதல் நியாயம். கொலம்போவை அடுத்துவந்த கப்ரியேலே ஃபலோப்பியோ, வெசாலியஸைத் தெய்வமாகப் போற்றிக்கொண்டே, அவர் நூலிலிருந்த பிழைகளை 1561-இல் வரிசையாக எடுத்துக்காட்டித் திருத்தினார். கருமுட்டையைக் கருப்பைக்குச் செலுத்தும் குழாய்கள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன.

ஃபலோப்பியோவின் மாணாக்கரான ஃபப்ரீசியஸ் 1565 முதல் சுமார் அரை நூற்றாண்டு காலம் அங்கே போதித்தார். ஒவ்வோர் ஆண்டும் மரத்தால் எழுப்பிப் பின்னர்ப் பிரித்துவிடும் தற்காலிக அரங்கங்கள் போதாமையால், அவர் காலத்தில், 1594-95-ஆம் ஆண்டுகளில், நிரந்தரமான ஓர் அறுவை அரங்கம் சர்வகலாசாலைக் கட்டடத்துக்குள்ளேயே அமைக்கப்பட்டது. நீள்வட்ட வடிவமாய், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குக்களும், அவற்றுக்கு அக்ரூட் மரத்தில் கடைந்த கைப்பிடிச் சுவர்களும் உடைய அந்த அரங்கத்தில் உட்கார இடமில்லை. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்றபடியே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நடுவே தாழக்கிடந்த மேஜையை நோக்குவார்கள். சிரைகளுக்குள் ஆங்காங்கே சிறு கதவுகள் போன்ற சவ்வுகள் இருப்பதை மாணாக்கர்களுக்குக் காட்டிய ஃபப்ரீசியஸ், அவற்றைப் பற்றி 1603-இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் இரத்தம் கைகால்களை நோக்கி விரைந்து பாய்ந்து அங்கே தேங்கிவிடாதபடி தடுப்பதே அவற்றின் வேலை என்று கருதினாரேயன்றி, அவை இருதயத்தை நோக்கி மட்டுமே திறப்பதன் முழுப் பொருளையும் அவர் உணரவில்லை.

அதை உணர்ந்தவர், அவரிடம் பயின்று 1602-இல் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய வில்லியம் ஹார்வி. கையில் கட்டுக் கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்தி, இரத்தம் ஒரு திசையில் மட்டுமே செல்வதை அவர் கண்டார். அதற்குமேல் ஒரு கணக்கும் போட்டார். இருதயம் ஒருமுறை சுருங்கும்போது அரை அவுன்ஸ் இரத்தத்தைத்தான் வெளியேற்றுகிறதென்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் ஆயிரம் முறை சுருங்குகையில் 500 அவுன்ஸ் வெளிப்படவேண்டும். உடல் முழுவதிலும் அவ்வளவு இரத்தம் இல்லை. உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் அவ்வளவை உண்டாக்குவதும் இயலாது. ஆகவே அதே இரத்தமே சுற்றிச்சுற்றி வரவேண்டும் என்று 1628-இல் பிராங்க்பர்ட்டில் வெளியான 72 பக்கச் சிறு நூலில் அவர் முடிவு கட்டினார். தமனியின் நுனியும் சிரையின் முனையும் எங்கே இணைகின்றன என்பதை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. தவளையின் நுரையீரலில் மயிரிழை போன்ற நுண்குழாய்களைப் பூதக்கண்ணாடியின் உதவியால் 1661-இல் கண்டு அக்குறையைத் தீர்த்தவர் மால்பீகி என்ற விஞ்ஞானி.

ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி வினவியபோது, சிரைகளிலுள்ள கதவுகளின் அமைப்பே இரத்தம் சுற்றிவருகிறது என்ற எண்ணத்துக்குத் தம்மைத் தூண்டியதென்று, முதுமை எய்தியிருந்த ஹார்வி விடையளித்தார். ஆசிரியர் கண்டதைக் கொண்டே ஆசிரியர் காணாததை மாணாக்கர் கண்டார். வெசாலியஸைக் கொலம்போவும் ஃபலோப்பியோவும் திருத்தியதும், ஃபப்ரீசியஸை ஹார்வி கடந்ததும் குருநிந்தையால் அல்ல. கண்டதைச் சொல்லும் நேர்மையை அவர்கள் குருவிடமிருந்தே கற்றிருந்தார்கள். பாதுவாவின் அந்த அறுவை அரங்கம் 1872 வரை மாணாக்கர்களுக்குப் பயன்பட்டு, இன்றும் அழியாமல் நிற்கிறது. எனினும் பாதுவா உலகத்துக்கு அளித்த கொடைகளுள் சிறந்தது, ஆசிரியரை வணங்கிக்கொண்டே அவர் பிழையைத் திருத்தலாம் என்ற அந்தப் பழக்கமே என்று துணிந்து கூறலாம்.