பரண் இல்லப்பா, இது நியூயார்க் லாஃப்ட்!

‘லாஃப்ட்’னு சொன்னதும் அம்மா பழைய பாத்திரங்களை ஏத்தி வைக்கிற பரண்தானே ஞாபகம் வருது? நியூயார்க்கின் ஸோஹோவில் அது பழைய தொழிற்கூடத்தின் ஒரு முழுத் தளம். வார்ப்பிரும்பு முகப்பு, எட்டாத உயரத்தில் கூரை, ஆளுயர ஜன்னல்கள். நடுவில் சுவரே இருக்காது.

தொழிற்கூடங்கள் காலியாகிக்கொண்டிருந்த 1960-களில் ஓவியர்களும் சிற்பிகளும் இங்கே குடியேறினார்கள். வாடகை குறைவு, வெளிச்சம் தாராளம். சட்ட அனுமதிதான் கிடையாது! டொனால்ட் ஜட் என்ற கலைஞர் 1968-ல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடத்தையே வாங்கிப்போட்டார். 1971-ல் குடியிருக்க அனுமதி கிடைத்தது. அதுவும் நகர நிர்வாகம் சான்றளித்த கலைஞர்களுக்கு மட்டும்.

இப்போது அதே தளங்கள் பளபள கிச்சனோடு மில்லியன் டாலர் கணக்கில் விற்பனைக்கு வருகின்றன. விளம்பரத்தில் ‘ப்ரீவார்’னு போட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன்பு கட்டியது என்று அர்த்தம். அழகில் மயங்கலாம், தப்பில்லை. ஆனா, அந்தக் கலைஞர் நிபந்தனை பல கட்டடங்களின் ஆவணத்தில் இன்னமும் ஒட்டிக்கிட்டிருக்கு. 2021-ல் விதிகளை மாற்றிய பிறகும் சிக்கல் முழுசா தீரலை. அதனால், வாங்குறவங்க டைல்ஸைத் தடவிப் பார்க்கிறதுக்கு முன்னாடி, வக்கீலை வெச்சு குடியிருப்புச் சான்றிதழைப் படிச்சுப் பார்க்கணும். கோடிகளைக் கொட்டி வாங்கின வீட்டில் குடியிருக்கவே உரிமை இல்லைன்னா எப்படி?