அருந்ததி பார்த்தல்

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நமது விவாகச் சடங்குகளுள் ஒன்று. முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் அமைவதால், குருக்கள் கைகாட்டும் வெறும் ஆகாயத்தையே மணமக்கள் வணங்குகின்றனர். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில், “இல்லாத நட்சத்திரத்தையா கும்பிடுகிறீர்கள்?” என்ற கேலிக்கு விடையின்றி நாம் நின்றதுண்டு. அதன் பின்னரே இரவில் அதனைத் தேடிப் பார்த்தோம்.

வைகாசி மாத முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடவானில் உயர்ந்து நிற்கும். அதன் வாலில் நடுவே உள்ள விண்மீன் வசிட்டர். அருகில் மங்கலாகத் தோன்றுவது அருந்ததி. மேனாட்டார் இவற்றை மிசார், அல்கோர் என்பர். கண்ணுக்குத் தெரிவன இரண்டு. உள்ளனவோ ஆறு!

1617ஆம் ஆண்டில் இத்தாலியத் துறவி கஸ்தெல்லி தொலைகாட்டியால் வசிட்டரை நோக்கி, அது இரண்டாகப் பிரிவதைக் கண்டார். அவர் எழுதியதன்பேரில் கலிலியோவும் அதனை அளந்து குறித்தார், ஆயினும் வெளியிட்டாரில்லை. ஆதலாற் புகழ் நெடுங்காலம் ரிச்சியோலி என்பாரைச் சார்ந்தது. 1857இல் ஒளிப்படத்திற் பதிந்த முதல் இரட்டை விண்மீனும் இதுவே.

வியப்பு அதன் பின்னரே. விண்மீனின் ஒளியைக் கண்ணாடி அரியத்தினாற் பிரித்தால் நிறங்களின் குறுக்கே கருங்கோடுகள் தோன்றும். வசிட்டர் இருவருள் ஒளிமிக்கவரின் கோடு சில நாட்களில் ஒன்றாகவும் சில நாட்களில் இரண்டாகவும் இருப்பதை 1889இல் ஹார்வாட்டைச் சேர்ந்த பிக்கறிங் அறிவித்தார். ஒன்று நம்மை நெருங்க மற்றொன்று விலகிச் செல்வதே காரணம். அக்காலத் தொலைகாட்டி எதுவும் பிரித்துக் காட்டாத இரட்டையை ஒரு கோடு காட்டிக்கொடுத்தது! சுற்றுக்காலம் 104 நாள் என முதலிற் சொன்னது பிழை. சுமார் இருபதரை நாள் என்பது 1901இல் தெளிவாயிற்று. மற்றைய வசிட்டரும் இரட்டையே என 1908இற் கண்டனர். அருந்ததிக்கும் மங்கிய செந்நிறத் துணையொன்று உண்டென்பது 2009இலேதான் தெரிந்தது. ஆறும் ஈர்ப்பினாற் பிணைந்த ஒரே குடும்பம் எனக் கருதப்படுகிறது.

இவையாவும் நம் ரிஷிகள் அன்றே அறிந்தவை எனச் சிலர் மேடையிற் பேசுகின்றனர். பெரியோர் பொறுத்தருள்க, அதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் கண்டவை இரண்டே. அவ்விரண்டையும் தம்பதியராகப் பாவித்து மணமக்களுக்குக் காட்டியது அவர்தம் செயல். கஸ்தெல்லியின் தொலைகாட்டி அதற்குக் குறையெதுவும் செய்துவிடவில்லை. கேலி செய்த நண்பரையும் நாம் ஒருநாள் முற்றத்துக்கு அழைத்துக் காட்டினோம். அருந்ததியைக் காண அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அவர் கண்ட ஒளி எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், நம் பூட்டன் பூட்டியர் மணவறையில் இருந்த காலத்திற் புறப்பட்டது.