கால் பழகிய வண்டி

பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. ஜாவாவில் எல்லாம் தலைகீழ்: கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம். ஒன்றில் பழகியவர் அவசரத்துக்கு மற்றதை வாங்கிக்கொண்டு கிளம்பினால், குறுக்கே ஒரு மாடு வரும்போதுதான் வினை. பிரேக் என்று நினைத்து அழுத்துகிற கால் கியரை மாற்றும். 1960களிலும் 70களிலும் மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவருக்கு இருந்த தேர்வு இப்படிக் காலில் போய் நின்றது. ஒருமுறை முடிவெடுத்தால், கால் அதை மறக்கப் பல ஆண்டு ஆகும்.

கங்காதர நெல்லூரின் நிலவரைபடத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். சித்தூருக்குக் கிழக்கே அரை மணிப் பயணத்தில் இருக்கிறது, சுற்றுவட்டாரம் ஜி.டி. நெல்லூர் என்று சுருக்கி அழைக்கும் ஊர். கரும்பும் வேர்க்கடலையும் மாந்தோப்பும் உள்ள பூமி. தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும் எல்லைப் பக்கம். சித்தூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போனால் சென்னை. அதன் வடகோடியில், திருவொற்றியூரில், புல்லட் பிறந்தது. மேற்கே மொகிலிக் கணவாய் ஏறிப் பலமநேர், பெங்களூர் தாண்டிப் போனால் மைசூர். அங்கே யாதவகிரியில் ஜாவா பிறந்தது. ஒரே நெடுவழியின் இரண்டு முனைகளில் இரண்டு தொழிற்சாலைகள்.

இன்று ஷோரூமில் இவ்வகை வண்டிகளை 'நேக்கட் பைக்' என்கிறார்கள். எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் உறையோ காற்றைக் கிழிக்கும் முகக்கவசமோ இல்லாமல், சிலிண்டரும் சட்டமும் வெளியே தெரிய நிற்கும் வண்டி என்று பொருள். புல்லட்டும் ஜாவாவும் விற்ற காலத்தில் இந்தப் பெயருக்குத் தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் தெருவில் ஓடிய அத்தனை மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் இருந்தன. முழு உறை போட்ட பந்தய வண்டிகள் 1980களில் உலகச் சந்தையை நிரப்பிய பிறகுதான், உறை இல்லாததற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் வைத்தது. இந்தியாவுக்கு அதை இழுத்து வந்தது ராணுவம். எல்லைக் காவலுக்காக 1952இல் 350 சிசி புல்லட்டுகள் வேண்டும் என்று மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு ஆர்டர் வந்தது. 1955இல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயிற்று. சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து ஆந்திர மாநிலத்துக்குப் போனது 1953 அக்டோபர் 1ஆம் தேதி. அதாவது, பழைய தலைநகரில் இந்த வண்டி உருவாகத் தொடங்கியபோது, அது சித்தூருக்கு நிர்வாகக் கணக்கில் பக்கத்து மாநிலத்து வண்டி ஆகிவிட்டிருந்தது. ஆனால் கோடு போட்ட வேகத்தில் உறவும் சந்தையும் மாறுவதில்லை. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததே 1960இல்தான்.

அதே 1960இல் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் அமைந்தது. ரஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் நடத்திய நிறுவனம். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாரின் ஆதரவு அதற்கு இருந்தது. வடிவமும் உரிமமும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தன. ஜாவா என்ற பெயருக்கும் இந்தோனேசியத் தீவுக்கும் சம்பந்தமில்லை. யானெச்செக் என்ற முதலாளி, வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமையை 1929இல் வாங்கியபோது, இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. உரிமக் காலம் முடிந்த பின், 1970களின் முற்பகுதியிலிருந்து, அதே தொழிற்சாலை யெஸ்டி என்ற பெயரில் வண்டி விட்டது.

இரண்டும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள்தாம். ஆனால் உள்ளே ஓடிய வேலை வேறு. புல்லட் நான்கு வீச்சு எஞ்சின்: பிஸ்டன் இரண்டு முறை மேலும் இரண்டு முறை கீழும் போய் வந்தால் ஒருமுறை பற்றும். அதற்கு வால்வு, கேம், தள்ளுதண்டு என்று ஒரு கூட்டமே வேண்டும். ஜாவா இரண்டு வீச்சு எஞ்சின்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பற்றும். வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். புல்லட்டின் ஓசையில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம்போல இருக்கும். ஜாவாவின் ஓசையில் இடைவெளி இருக்காது, பின்னால் நீலப்புகை மட்டும் வரும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் வைத்ததால், வண்டிக்கு இருபுறமும் குரோம் பளபளப்பு.

புல்லட்டைக் கிளப்புவது ஒரு தனிக் கல்வி. ஹெட்லைட் மூடியின் மேலேயே ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். ஓரிடத்தில் கால் கல்லில் இடித்ததுபோல நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே கையருகே உள்ள டீகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் ஒரு நூலளவு அமுக்குவார்கள். நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் இறக்கினால் ஒரே உதையில் பிடிக்கும். பொறுமை இல்லாமல் பாதியில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது. எலும்புக் கட்டுக்குத் தமிழ்நாடு முழுவதும் பேர்பெற்ற புத்தூர் இந்த வட்டாரத்துக்கு வடகிழக்கே இருப்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது.

ஜாவாவில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. அதற்குக் கிக்கர் என்று தனியே ஒன்றும் இல்லை என்பதுதான் முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பு. இடது பக்கத்துக் கியர் நெம்பை உள்ளே தள்ளிப் பின்னால் சுழற்றினால், அதுவே கிக்கராக எழுந்து நிற்கும். உதைத்துக் கிளப்பியதும் முன்னால் சாய்த்துவிட்டால் மறுபடி கியர். அந்த நெம்பை மிதித்தால் கிளட்சும் தானே விலகிக்கொடுக்கும். ஒரே இரும்புத் துண்டு மூன்று வேலை பார்க்கிறது! இயந்திரக் கலையில் இவ்வளவு சிக்கனமான சிந்தனையை அரிதாகத்தான் பார்க்க முடியும்.

எடையும் வேறு. புல்லட் 160 கிலோவுக்கு மேல். 346 சிசியில் 18 குதிரைத்திறன். ஜாவா அதைவிட ஏறத்தாழ 20, 30 கிலோ குறைவு. சேற்றில் சிக்கினால் ஜாவாவை ஒருவர் தூக்கி நிறுத்தலாம், புல்லட்டுக்கு இன்னொரு கை வேண்டும். மூட்டை ஏற்றிக்கொண்டு குறைந்த வேகத்தில் மேடு ஏறும்போது மட்டும் கணக்கு திரும்பிவிடும்: புல்லட் முனகாமல் இழுக்கும், இரண்டு வீச்சு எஞ்சினை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் இரண்டின் குணமும் நன்றாகத் தெரியும். இந்த வட்டாரத்துக்கு மலைப்பாதை அன்றாட விஷயம். திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944இலும் இரண்டாவது 1974இலும் திறந்தன. பெங்களூர் போக மொகிலி இருக்கிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால், நான்கு வீச்சு எஞ்சினின் அழுத்தமே வண்டியைப் பின்னால் பிடித்து நிறுத்தும். இரண்டு வீச்சில் அந்தப் பிடி மிகக் குறைவு. டிரம் பிரேக்கே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜாவாவுக்கு எஞ்சின் ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது, லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லி. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கி, எஞ்சினுக்கு ஒரு வாய் ஆயில் ஊட்டிக்கொண்டே வருவார்கள்.

அப்படியானால் புல்லட்தான் மேல் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. புல்லட்டின் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கக் காது பழகிய மெக்கானிக் வேண்டும். ஜாவாவின் சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டி மறுபடி பூட்ட, நாலு ஸ்பேனரும் ஒரு மாமர நிழலும் போதும். பட்டறை எட்டாத தூரத்தில் தோப்பு வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. கிராமத்துக்கு ஜாவா, நெடுஞ்சாலைக்குப் புல்லட் என்று பிரித்தால்கூட ஓரளவு பொருந்தும்.

திருவொற்றியூரே மறுமுனையை எட்டிப்பார்த்த கதையும் உண்டு. வில்லியர்ஸ் எஞ்சின் பொருத்திய ஷெர்பா, குரூசேடர் என்ற சிறிய இரண்டு வீச்சு வண்டிகளை என்ஃபீல்டு விற்றது. 1980களில் ஜெர்மனியின் சுண்டாப் நுட்பத்தோடு சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், ஃப்யூரி 175 ஆகியவற்றைச் செய்ய ராணிப்பேட்டையிலேயே ஒரு தொழிற்சாலை போட்டது. சித்தூரிலிருந்து சற்றுத் தெற்கே இறங்கினால் ராணிப்பேட்டை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்த ஃப்யூரி அந்தக் காலத்துக்கு மிக முன்னே நின்ற வண்டி. ஆனாலும் நிலைக்கவில்லை. புல்லட் செய்பவர்களிடம் மக்கள் புல்லட்டையே கேட்டார்கள்.

1980களில் அரசு 100 சிசி வண்டிகளில் வெளிநாட்டுக் கூட்டுக்குக் கதவு திறந்தது. ஓசூரில் இண்ட்-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா, 1985 நவம்பரில் யமஹா ஆர்.எக்ஸ். 100. தேர்வு சிறிய உடம்புக்கு மாறிற்று. கேள்வி மட்டும் மாறவில்லை. ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 நான்கு வீச்சு: மைலேஜ், நிதானம், பெட்ரோல் போட்டு மறந்துவிடும் நிம்மதி. ஆர்.எக்ஸ். 100 இரண்டு வீச்சு: 11 குதிரைத்திறன், 103 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு குதிரைத்திறன் இழுக்கவேண்டிய எடை 9 கிலோ சொச்சம், புல்லட்டுக்கும் அதே 9 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு எஞ்சினில் அந்த வேகம் கிடைத்தபோது இளைஞர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிலுக்குத் தனி டேங்க் வந்ததால் பெட்ரோல் பங்கில் கலக்கும் வேலையும் போயிற்று.

1996இல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. மைசூர்த் தொழிற்சாலையும் அதே ஆண்டு மூடிற்று. 2000த்தில் இறுகிய புகைக் கட்டுப்பாடு இரண்டு வீச்சு மோட்டார் சைக்கிளின் கதையை ஏறக்குறைய முடித்து வைத்தது. 2018இல் ஜாவா திரும்ப வந்தபோது, இருபுறமும் அதே இரட்டைச் சைலன்ஸர் இருந்தது. உள்ளே இருந்ததோ நீரால் குளிரும் நான்கு வீச்சு எஞ்சின்.

உலகச் சந்தையில் 'நேக்கட்' இதற்குள் இரண்டு குலமாகப் பிரிந்திருந்தது. 1990 வாக்கில் விற்பனைக்கு வந்த கவாசாகி செஃபிர் பழைய வண்டியின் முகத்தை மீட்டெடுத்தது: உருண்டை விளக்கு, நிமிர்ந்த இருக்கை. 1992இல் கொலோன் கண்காட்சியில் டுகாட்டி மான்ஸ்டர் வந்தது. மிகெல் கலூட்சி பந்தய வண்டியின் உறையைக் கழற்றிவிட்டு, வெளியே தெரிந்த சட்டத்தையே அழகாக்கிய வண்டி. இந்தியாவில் அந்த இரண்டாம் குலத்தை நடுத்தர வீட்டுக்குக் கொண்டுவந்தது 2012இல் வந்த கே.டி.எம். டியூக் 200. முதல் குலத்துக்கு 2009இல் புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டிடமிருந்தே கிளாசிக் வந்தது. 2022இல் அதே நிறுவனத்தின் ஹன்டர் 350 வந்தது. ஹன்டருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு இன்றும் 9 கிலோதான். டியூக் 200க்கு ஏறத்தாழ 6 கிலோ.

சித்தூர்க் கடைவீதியில் இன்று வண்டி பார்க்கப் போகிறவர் இந்த இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தால் போதும். ஹன்டரில் பாதம் முட்டிக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே, முதுகு நிமிர்ந்து, கை தளர்ந்து இருக்கும். டியூக்கில் கால்கட்டை சற்றுப் பின்னால், மேலே. முட்டி மடங்கி, உடம்பு ஹேண்டிலை நோக்கிச் சாயும். திருமலை வளைவுகளில் டியூக் நினைத்த இடத்தில் திரும்பும். பின்னால் மனைவியும் மடியில் பிள்ளையும் இருந்தால் ஹன்டரின் தாழ்ந்த நிதானமே துணை.

கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம் என்பது இப்போது எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஒன்றுதான். அமெரிக்கா 1970களின் நடுவில் இடது கால் கியரை விதியாக்கிய பின் ஆங்கிலேய வண்டிகளும் மாறின. திருவொற்றியூர்ப் புல்லட் மட்டும் 2000த்தைத் தாண்டியும் வலது காலை விடவில்லை, பிறகு அதுவும் படிப்படியாக மாறிற்று. பேரனின் புதுப் புல்லட்டை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் தாத்தாக்கள் முதல் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க இடது காலை அழுத்துவார்கள். வண்டி நிற்காது; கியர் ஒன்று விழுந்து, எஞ்சின் ஒரு உறுமு உறுமும்.